பூல் கியூ வாங்கப் போகிறீர்களா? டிப்பிலிருந்து தொடங்குங்கள்

பூல் பார்லர் சுவரில் மாட்டியிருக்கும் கியூவை (பந்தை அடிக்கும் கோல்) விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கார்பன்தான் வாங்க வேண்டும் என்பார் ஒருவர், கனமான கியூவில்தான் பிரேக் (பந்துக் குவியலைச் சிதறடிக்கும் முதல் அடி) பறக்கும் என்பார் இன்னொருவர். சென்னையில் நான் கியூ தேடி அலைந்தபோது விலையை விடப் பெரிய தலைவலியாக இருந்தது வேறொன்று: ஜாயின்ட் (கியூவின் இரு பாதியையும் பூட்டும் திருகு) எந்த வகை, டிப் (முனையில் ஒட்டிய தோல்) எத்தனை மில்லிமீட்டர், உள்ளே எடை போல்ட் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒரு விற்பனையாளர் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லி அனுப்பிய ஷாஃப்ட் (கியூவின் மெல்லிய முன்பாதி) என் பட்டில் (கைப்பிடியுள்ள பின்பாதி) ஒரு சுற்றுகூட ஏறவில்லை, அதைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் கணக்கில் செலவின் வரிசை இதுதான்: முதலில் டிப், அடுத்து பிரேக்குக்கு ஒரு தனிக் கியூ, அப்புறம் ஷாஃப்ட், அதன் பிறகு எடை, கடைசியாக அழகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. எந்தப் பந்துக்கு வாங்குகிறீர்கள்?

நம் ஊரில் ஸ்னூக்கர் மேசையும் பூல் மேசையும் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். கடையிலும் ஸ்னூக்கர் கியூதான் அதிகமாக அடுக்கியிருப்பார்கள், "இதுலயே பூலும் ஆடலாம் சார்" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆடலாம்தான், ஆனால் ஸ்னூக்கர் கியூவின் டிப் 9 முதல் 10 மில்லிமீட்டர், அதன் அடியில் பித்தளை ஃபெர்ரூல் (டிப் உட்காரும் வளையம்), 52.5 மில்லிமீட்டர் பந்துக்காகச் செய்தது. பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், எடையும் கூட. அந்த மெல்லிய முனையால் தினமும் பிரேக் அடித்தால் டிப் சீக்கிரமே காளான் மாதிரி விரிந்து பிதுங்கும். நீங்கள் ஆடுவது எட்டுப் பந்து, ஒன்பது பந்து ஆட்டம் என்றால் பூல் கியூவையே கேளுங்கள். அடையாளம் எளிது: மேப்பிள் மரம் அல்லது கார்பன் இழை ஷாஃப்ட், 11.75 முதல் 13 மில்லிமீட்டருக்குள் டிப், நடுவில் கழற்றிப் பூட்டும் ஜாயின்ட்.

2. அளவுகள்: அதிகம் யோசிக்க வேண்டாம்

நீளம் 58 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர். ரொம்ப உயரமானவர் அல்லது ரொம்பக் குள்ளமானவர் என்றால் தவிர இதை மாற்ற வேண்டியதில்லை. எடை 18 முதல் 21 அவுன்ஸ் வரை கிடைக்கும். 19 அவுன்ஸில், அதாவது சுமார் 540 கிராமில் தொடங்குங்கள், பின்னால் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது. உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி கியூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, டிப் 14 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடையில் விற்கும் எல்லாமே அநேகமாக இந்த எல்லைக்குள்தான் இருக்கும், ஆனால் பழைய கியூவை வெட்டிக் குட்டையாக்கி ஜம்ப் கியூ (வெள்ளைப் பந்தை எகிறித் தாண்ட வைக்கும் கியூ) செய்யப் போகிறவர்கள் அந்த 40 அங்குலத்தை மறந்துவிடாதீர்கள்.

3. கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

பூட்டிய கியூவை மேசையில் உருட்டிப் பார்த்து "நேராக இருக்கிறது" என்று முடிவு கட்டுவார்கள். அது பாதிச் சோதனைதான். ஷாஃப்டைத் தனியாக, பட்டைத் தனியாக உருட்டுங்கள். ஷாஃப்டின் முனை எழுந்து எழுந்து இறங்கினால் அது வளைந்திருக்கிறது, வேண்டாம். இரண்டும் தனித்தனியே நேராக ஓடி, பூட்டிய பிறகு மட்டும் ஆடினால் குறை ஜாயின்ட் முகப்பில். அங்கே தூசியோ பசையோ ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு ஷாஃப்டை ஒரு குழல்விளக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மரத்தின் மேல் விழும் ஒளிக்கோடு எந்த இடத்திலும் உடையாமல், நெளியாமல் ஓட வேண்டும். உருட்டும்போது தெரியாத நெளிவு இதில் தெரிந்துவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் இதெல்லாம் பெட்டி வந்த அன்றே நடக்க வேண்டும், அதுவும் பெட்டி திறப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு. பல விற்பனையாளர்கள் வளைவுக்கான புகாரைச் சில நாள்களுக்குள்தான் ஏற்பார்கள், சாக் (டிப் வழுக்காமலிருக்கத் தடவும் தூள்) தடவி ஒரு பந்து அடித்துவிட்டால் "பயன்படுத்திய பொருள்" என்று சொல்லிவிடுவார்கள். பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரமாக இருக்கட்டும். வரிசை எண் பொறித்த பிராண்ட் என்றால் அந்த எண் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர்பெற்ற பிராண்டுகளின் போலிகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன, நம்ப முடியாத விலை என்றால் நம்பாமல் இருப்பதே நல்லது.

4. ஷாஃப்ட்: மேப்பிளா, கார்பனா?

வெள்ளைப் பந்தை நடுவில் அடித்தால் கியூ நோக்கிய திசையில் போகும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சைடு கொடுத்து அடித்தால் பந்து கொஞ்சம் எதிர்ப்பக்கமாக விலகிக் கிளம்பும். இந்த விலகலைத் தீர்மானிப்பது ஷாஃப்டின் முன்முனையில் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும் எடை. அந்தப் பகுதி எவ்வளவு இலேசோ அவ்வளவு விலகல் குறையும். கார்பன் ஷாஃப்டுகளும் முனையைக் குடைந்து செய்த மேப்பிள் ஷாஃப்டுகளும் இதைத்தான் விற்கின்றன.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விலகல் குறைந்தால் ஆட்டம் தானாக நன்றாகிவிடாது. இத்தனை நாளும் பார்லர் கியூவின் விலகலுக்கு ஏற்றபடி உங்கள் கண்ணும் கையும் குறியைத் தள்ளி வைத்துப் பழகியிருக்கும், புது ஷாஃப்டில் அதே குறி தப்பும். மறுபடி பழகச் சில வாரம் ஆகும், அதனால் போட்டி நெருங்கும் நேரத்தில் ஷாஃப்டை மாற்றாதீர்கள். இரண்டு வகையையும் மாற்றி மாற்றி ஆடுவது இன்னும் மோசம்.

செலவைப் பார்த்தால், பிரிடேட்டர் ரெவோ, க்யூடெக் சினர்ஜி மாதிரியான கார்பன் ஷாஃப்ட் ஒன்று மட்டும் அமெரிக்கக் கடைகளில் சில நூறு டாலர் வரை போகிறது. அந்தப் பணத்தில் நல்ல மேப்பிள் கியூ ஒன்று, பிரேக் கியூ ஒன்று, டிப்புகள், கையுறை எல்லாம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். கார்பனுக்கு உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு: வளையாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இதற்கு மதிப்பு அதிகம். முதல் கியூவுக்கு நான் மேப்பிளைத்தான் சொல்வேன், ஒரு வருடம் ஆடிவிட்டுப் பிறகு கார்பனைப் பாருங்கள். பட் மாறாமல் ஷாஃப்டை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் ஜாயின்ட் பொருந்த வேண்டும், அதற்கு முதல் கியூ வாங்கும்போதே திருகின் வகையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5/16க்கு 14, 5/16க்கு 18, 3/8க்கு 10, ரேடியல், யூனிலாக் என்று பல வகை உண்டு. முதல் எண் திருகின் தடிமன் அங்குலத்தில், அடுத்தது ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது. கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும், முகப்பின் விட்டமும் மாறலாம். விற்பவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், உங்கள் ஜாயின்டை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பி "இதற்குப் பொருந்தும்" என்று எழுத்தில் வாங்குங்கள். என் பணம் திரும்பி வந்ததே அப்படி ஒரு செய்தி கையில் இருந்ததால்தான்.

5. டிப்: முழுக் கவனமும் இங்கே

பந்தைத் தொடுவது கியூவில் இந்த ஒரு தோல் துண்டு மட்டும்தான். விலையிலும் இதுதான் மலிவு. எல்க் மாஸ்டர் மாதிரி ஒரே தோலில் செய்த டிப் ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும், காமுய் மாதிரி பல மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டியது 20, 30 டாலர் வரை. அடுக்கு டிப்பில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு, நீண்ட நாள் வடிவம் மாறாது. மலிவு டிப்பில் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்று கல், ஒன்று பஞ்சு என்று இருக்கும்.

மென்மையான டிப் அதிக ஸ்பின் தரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்பின்னின் அளவை நிர்ணயிப்பது, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறீர்கள் என்பதுதான். மென்மையான டிப் சாக்கை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, அதனால் விளிம்பு நோக்கிப் போகும்போது வழுக்கும் பயம் குறைகிறது, அவ்வளவே. அதற்கு விலையாக அடிக்கடி சீவி வடிவம் கொடுக்க வேண்டியிருக்கும். தொடங்குபவருக்கு மீடியம் போதும்.

மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தில் பாதியைத் தாண்டினால் எந்த டிப்பாக இருந்தாலும் மிஸ்கியூதான், அதாவது டிப் வழுக்கி அடி பிசகும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: கோடு போட்ட பந்து ஒன்றை எடுத்து, கோடு கிடையாக இருக்கும்படி வைத்து, அதையே வெள்ளைப் பந்தாக நினைத்து அடியுங்கள். கோட்டின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் இருக்கும். அடித்த இடத்தில் சாக் தடம் பதிந்திருக்கும், பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ (பந்தைப் பின்னே திரும்ப வைக்கும் கீழடி) அடித்ததாக நினைத்த இடத்துக்கும் தடம் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். டிப்பை மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், பணம் மிஞ்சலாம்.

டிப் ஒட்ட பார்லரிலேயே ஆள் இருப்பார், கூலி சில நூறு ரூபாய். நீங்களே செய்வதானால்: பழைய டிப்பைக் கூரான பிளேடால் அடியோடு சீவி எடுங்கள். ஃபெர்ரூலின் தலையைச் சமதளமான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளில் நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்து மட்டமாக்குங்கள், டிப்பின் அடியையும் லேசாகத் தேயுங்கள். ஜெல் வகை சூப்பர் க்ளூ ஒரு துளி போதும். அழுத்திப் பிடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கியூவைத் தலைகீழாக, டிப் கீழே ஒரு பலகையில் படும்படி நிறுத்தி, பிதுங்கிய ஓரத்தை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள், பிளேடு ஃபெர்ரூலின் பக்கவாட்டை ஒட்டியே இறங்க வேண்டும். பிறகு பக்கவாட்டை ஈரப்படுத்தி ஒரு தோல் துண்டால் வேகமாகத் தேய்த்தால் பளபளவென்று இறுகிவிடும். உப்புத்தாள் ஷாஃப்டின் மரத்தில் படவே கூடாது, அங்கே மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டிப் தலையின் வளைவு நம் ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்குக் கிட்டத்தட்ட இருந்தால் சரி.

6. பிரேக் கியூ: இரண்டாவது பணத்தை இங்கே போடுங்கள்

ஆடும் கியூவாலேயே பிரேக் அடித்தால் அடுக்கு டிப் அழுந்திக் கல்லாகும், ஃபெர்ரூலில் விரிசல் விழும். பிரேக்குக்கு வேண்டியது கெட்டியான டிப். கெட்டி டிப் அழுந்துவதில் சக்தியை இழப்பது குறைவு, அதே வீச்சுக்கு வெள்ளைப் பந்து கூடுதல் வேகத்தில் கிளம்பும். ஃபீனாலிக் என்ற பிசின் டிப் இதில் உச்சம், ஆனால் சாக் பிடிக்காது, மையம் தப்பினால் வழுக்கும். மையத்தைத் தவறாமல் அடிக்கத் தெரியும் வரை கெட்டித் தோல் டிப் பாதுகாப்பு. சில பார்லர்களில் பந்தில் தழும்பு விழுகிறது என்று ஃபீனாலிக்கை அனுமதிப்பதில்லை, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை கூடினால் பிரேக் பலமாகும் என்பது பாதி உண்மை. கியூ கனமானால் உங்கள் கையின் வேகம் குறையும். அடியின் சக்தியில் வேகம் இருமடி கணக்கில் சேர்கிறது, எடை ஒருமடிதான். வெள்ளைப் பந்தே 170 கிராம்தான், அதைவிட எந்தப் பிரேக் கியூவும் ஏறக்குறைய மும்மடங்கு கனம். அதனால் 18, 19, 21 அவுன்ஸ் மூன்றையும் கடன் வாங்கி அடித்துப் பார்த்து, எதில் முன்பந்தை (குவியலின் முதல் பந்தை) நேராகச் சந்திக்கிறீர்களோ அதை எடுங்கள். பலருக்கு அது ஆடும் கியூவின் எடைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இனி, கடையில் யாரும் சொல்லாத விஷயம். முழு வேகத்தில் அடிக்கும்போது பின்கை கொஞ்சம் பக்கவாட்டில் போகத்தான் செய்யும், டிப் மையத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகிப் படும். ஆனால் கியூ திரும்பியதால் வரும் கோணமும் பந்தின் எதிர்ப்பக்க விலகலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் பந்து நேராகவே போகும். இது நடக்க, உங்கள் பிரிட்ஜ் கை (ஷாஃப்டைத் தாங்கும் முன்கை) வெள்ளைப் பந்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தூரம் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் வேறு: முனை கனமான சாதா ஷாஃப்டுக்குக் குறைவு, விலகல் குறைந்த ஷாஃப்டுக்கு அதிகம்.

கண்டுபிடிப்பது இப்படி. மேசையின் நெட்டுவாக்கில் எதிர் முனையில் ஒரு பந்தை வைத்து, வெள்ளைப் பந்தின் மையம் வழியாகக் குறி பாருங்கள். பிரிட்ஜ் கையை அசைக்காமல் பின்கையை மட்டும் நகர்த்தி டிப்பை வலப்பக்கம் ஒரு டிப் அளவு தள்ளுங்கள், இப்போது கியூ வலப்பக்கம் பார்க்கும். அந்தக் கோட்டிலேயே வேகமாக அடியுங்கள். வெள்ளைப் பந்து எதிரே இருக்கும் பந்தை நேராக அடித்தால் தூரம் சரி. வலப்பக்கம் தப்பினால் பிரிட்ஜ் கையைப் பின்னுக்கு இழுங்கள், இடப்பக்கம் தப்பினால் முன்னுக்குக் கொண்டுபோங்கள். சரியான தூரம் கிடைத்ததும், உங்களுக்கு வசதியான பிரேக் நிலையோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கியூ பிரேக்குக்கு உங்களுக்கானது அல்ல, எவ்வளவு விலையானாலும் சரி. விலகல் குறைந்த ஷாஃப்டில் விலை உயர்ந்த பிரேக் கியூ வாங்கிவிட்டு, பிரிட்ஜைக் கிட்டக் கொண்டுவந்து அடிப்பவர்களுக்குப் பந்து முன்பந்தின் ஓரத்தில் போய் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

மலிவு வழி: நேராக இருக்கும் ஒரு பழைய மேப்பிள் கியூவில் கெட்டி டிப் போடுங்கள். ஃபெர்ரூல் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

7. ஜம்ப், மாசே

ஜம்ப் கியூ 40 அங்குலத்தை ஒட்டிய நீளம், 8 முதல் 10 அவுன்ஸ், ஃபீனாலிக் டிப். முதல் வருடத்தில் தேவையில்லை. மூன்றாகக் கழலும் பிரேக்-ஜம்ப் கியூ இரண்டு வேலையும் செய்யும், ஆனால் கூடுதல் ஜாயின்ட் இருப்பதால் வாங்கும்போது மூன்று துண்டையும் தனித்தனியே உருட்டிப் பாருங்கள். மாசே (கியூவைச் செங்குத்தாகத் தூக்கிப் பந்தை வளைத்து அடிப்பது) அடிக்கப் பெரும்பாலான பார்லர்களில் அனுமதியே இல்லை, துணி கிழிந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

8. எடையும் கைப்பிடியும்

பட்டின் அடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றினால் பல கியூக்களில் உள்ளே எடை போல்ட் இருக்கும், நீளமான ஆலன் கீயால் திருகி மாற்றலாம். போல்ட் பின்னால் இருப்பதால் எடை கூடும்போது கியூவின் சமநிலைப் புள்ளியும் பின்னே நகரும், முனை எடையற்றது போல் தோன்றும். அதனால் அரை அவுன்ஸாக மாற்றி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். போல்ட் தளர்ந்தால் அடிக்கும்போது கடகட சத்தம் வரும், விரிசல் என்று பயப்பட வேண்டாம், இறுக்கினால் நின்றுவிடும்.

கைப்பிடியில் ஐரிஷ் லினன் நூல் வியர்வையை உறிஞ்சும், தோல் பிடி தரும், எதுவும் சுற்றாதது துடைக்க எளிது. வியர்க்கும் கைக்கு நான் லினன் என்பேன். பிரிட்ஜ் கைக்குப் பவுடர் போடாமல் மூன்று விரல் கையுறை வாங்குங்கள், பவுடர் துணியெல்லாம் படிந்து பார்லர்காரரின் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். பெயர் பொறிப்பது, இன்லே வேலைப்பாடு எல்லாம் கியூ உங்கள் கைக்குப் பொருந்திவிட்டது என்று உறுதியான பிறகு. பெயர் பொறித்த கியூவை மறுவிலைக்கு விற்பது கடினம்.

9. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

கூரியரில் வந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள், ஆதார் அல்லது பான் நகலும் விலைப்பட்டியலும் தயாராக இருக்கட்டும், பார்சலில் எழுதிய பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் மூன்றும் சேரும், எவ்வளவு என்று ஆர்டர் போடும் முன்பே அவர்களிடம் கேட்டு மொத்த விலையைக் கணக்கிடுங்கள். திருப்பி அனுப்பினால் கட்டிய வரி திரும்பி வருவது லேசான காரியமில்லை, ஆகவே ஜாயின்ட் வகையை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். போட்டிக்காக வாங்கினால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே ஆர்டர் போடுங்கள், வந்து சேரவும் பழகவும் அது வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவருவதானால் ஒன்று சொல்லி வையுங்கள்: கியூ விமானத்தில் கைப்பைக்குள் போகாது, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கெட்டிப் பெட்டியில் வைத்து, ஜாயின்டின் இரு முனைக்கும் மூடி போட்டு, துணிகளுக்கு நடுவே செக்-இன் பெட்டியில் வர வேண்டும். வந்ததும் உடனே பூட்டி ஆடாமல் ஒரு நாள் வீட்டுக்குள் வையுங்கள். காரின் டிக்கியில் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் மேப்பிள் வளைந்துவிடும், டிப்பின் பசையும் விட்டுவிடும்.